கண்ணாடி நகரம்: இளஞ்சிறார் நால்வர் எழுதிய வரலாறு

குழவிப் பருவத்தைப் பாடுபொருளாகக் கொண்ட இலக்கியம் தமிழில் மிகுதி. பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம் காப்பு முதலாகப் பத்துப் பருவங்களை வகுத்து, சிற்றில் சிதைத்தலையும் சிறுபறை முழக்கலையும் சிறுதேர் உருட்டலையும் இனிது பாடுகின்றது. ஆயினும் அப்பாடல்களை யாத்தோர் முதிர்ந்த புலவரே ஆவர். பாடப்பெற்ற குழவி தானே நூல் எடுத்துப் படிக்கும் பருவம் அவ்விலக்கியத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டது. எட்டு முதல் பதினான்கு அகவை வரையுள்ள சிறார் எக்கதையை விரும்பினர், தம்மை எவராக எண்ணி மகிழ்ந்தனர், எவ்வாழ்வை விழைந்தனர் என்பனவற்றை அவர்தம் சொல்லாலேயே அறிதல் அரிது. சான்றோர் முதுமையில் எழுதும் தன்வரலாறுகள் இளமையைக் கூறுவனவே. ஆயினும் அவை நினைவில் நெடுங்காலம் கிடந்து உருமாறியவை; அன்றன்று எழுதப்பட்ட சான்றுகள் ஆகா.

இவ்வரிய சான்று பெருமளவிற் கிடைக்கும் இடங்களுள் ஒன்று, ஆங்கில நாட்டு யார்க்சயர்ப் பகுதியில் உள்ள ஹாவர்த் என்னும் மலையூர். அங்கு வாழ்ந்த பிரான்டி குடும்பத்துச் சிறார் நால்வர் தாம் விளையாடிய கற்பனை அரசுகளின் வரலாற்றைத் தம் கைப்படவே எழுதி வைத்தனர். அவருள் மகளிர் மூவர் பின்னாளில் ஆங்கில நாவல் இலக்கியத்தில் நிலைத்த இடம் பெற்றமையின், அவ்வெழுத்துகளை அந்நாவல்களுக்கு முன்னுரையாக மட்டும் கொள்வாரும் உளர். அங்ஙனம் கொள்ளாது, அவற்றை இளமையின் வரலாற்றுக்குரிய முதற்சான்றுகளாகக் கொண்டு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும். சிறாரின் விளையாட்டு ஆசை, ‘பின்னாளில் இன்னவன் ஆவேன்’ என்னும் எதிர்காலக் கனவு மட்டும் அன்று. இன்று தம் கையில் இல்லாத அதிகாரத்தைச் சொல்லால் எடுத்துக்கொள்ளும் முயற்சியும் ஆம் என்பது நாம் இங்கு நிறுவக் கருதும் முடிபு.

1. குடும்பமும் காலமும்

அயர்லாந்தில் 1777-இல் பிறந்த பாட்ரிக் பிரான்டி என்பவர், 1820-இல் ஹாவர்த் திருச்சபைக் குருவாகப் பணியேற்றார். அடுத்த ஆண்டிலேயே அவர்தம் மனைவியார் மறைந்தார். மக்கள் அறுவர். தாயின் தமக்கையாகிய எலிசபெத் பிரான்வெல் அம்மையார் அவர்களைப் பேணும் பொறுப்பை மேற்கொண்டார். 1824-இல் பெண்மக்கள் நால்வர் குருமார் மகளிர்க்கென நிறுவப்பெற்ற ஓர் உறைவிடப் பள்ளிக்கு அனுப்பப்பட்டனர். அங்கு நோயுற்று வீடு திரும்பிய மூத்த மகளிர் இருவரும் 1825-ஆம் ஆண்டு மே, சூன் திங்கள்களில் அடுத்தடுத்து இறந்தனர். மூத்தவளுக்கு அகவை பதினொன்று, அடுத்தவளுக்குப் பத்து.

எஞ்சியோர் நால்வர்: 1816-இல் பிறந்த சார்லட், 1817-இல் பிறந்த ஒரே மகனாகிய பிரான்வெல், 1818-இல் பிறந்த எமிலி, 1820-இல் பிறந்த ஆன். இவர்கள் அதன்பின் சில ஆண்டுகள் இல்லத்திலேயே கல்வி பயின்றனர். 1850-இல் அவ்வூரின் நலவாழ்வு நிலையை ஆராய்ந்த பாபேச் என்பாரின் அறிக்கை, அங்கு இறந்தோரின் சராசரி அகவை 25.8 எனவும், பிறந்தோருள் நூற்றுக்கு நாற்பத்தொருவர் ஆறு அகவை நிரம்பு முன்னரே இறந்தனர் எனவும் காட்டுகின்றது. இச்சிறார்க்கு இறப்பு கதையிற் கேட்ட செய்தி அன்று. அண்டை வீட்டு நிகழ்ச்சி, தம் வீட்டு நிகழ்ச்சி. இதனை நினைவிற் கொண்டே அவர்தம் விளையாட்டை நோக்குதல் வேண்டும்.

2. விரும்பிய கதைகள்

இந்நால்வர் விரும்பிப் படித்தவை எவை என்பது அவர்தம் எழுத்துகளாலேயே புலனாகின்றது. அராபிய இரவுக் கதைகள், ஈசாப்பின் நீதிக்கதைகள், பனியன் இயற்றிய திருப்பயணக் கதை, பியூயிக்கின் பறவை நூல், கோல்ட்சுமித்தின் பெயர் தாங்கிய நிலநூல் ஆகியன அவற்றுட் சில. வால்டர் சுகாட்டு தம் பெயரனுக்கென எழுதிய சுகாட்லாந்து வரலாற்றுக் கதைகளைப் பெரியன்னையார் 1828-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் இவர்களுக்குப் பரிசாக அளித்தார். இவற்றொடு லீட்சு நகரத்துச் செய்தித்தாள்களும், இரவலாக வந்த பிளாக்வுட் திங்களிதழும் அவ்வில்லத்தில் ஆர்வத்துடன் படிக்கப்பட்டன.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. நாம் கதை என்றும் செய்தி என்றும் பாடம் என்றும் பிரித்து வைக்கும் மூன்றும் இச்சிறார்க்கு ஒரே களஞ்சியமாக இருந்தன. அராபியக் கதையில் வரும் பூதமும், நாடாளுமன்றச் செய்தியில் வரும் அமைச்சரும், நிலநூலில் வரும் ஆப்பிரிக்கக் கடற்கரையும் அவர்தம் விளையாட்டில் ஒரே மேடையில் தோன்றக் காண்கின்றோம். கத்தோலிக்கர்க்கு அரசியல் உரிமை வழங்கும் சட்டம் 1829-இல் விவாதிக்கப்பட்டபோது, அச்செய்தித்தாள் வந்த பொழுது இல்லத்தார் அனைவரும் கொண்ட பரபரப்பைச் சார்லட் தன் விளையாட்டுக் கதையின் நடுவிலேயே எழுதிச் செல்கின்றாள். விருப்பக் கதை என்பது சிறார்க்கென எழுதப்பட்ட கதையாகவே இருத்தல் வேண்டும் என்னும் கொள்கைக்கு இது பொருந்தாமை காண்க.

3. மரப் படைவீரரும் உயிர் மீட்கும் பூதங்களும்

1826-ஆம் ஆண்டு சூன் 5-ஆம் நாள் தந்தையார் லீட்சு நகரினின்று மகனுக்கு மரத்தாலான பொம்மைப் படைவீரர் பன்னிருவரை வாங்கி வந்தார். மறுநாட் காலையில் பிரான்வெல் அப்பெட்டியை உடன்பிறந்தார்க்குக் காட்டினான். சார்லட் தன் வீரனுக்கு வெலிங்டன் கோமகன் எனப் பெயரிட்டாள். பிரான்வெல் தன் வீரனைப் போனபார்ட் என்றான். எமிலி, ஆன் ஆகியோரின் வீரர்கள் பின்னர் வடதுருவக் கடலை ஆராய்ந்த பாரி, ராசு என்னும் மாலுமிகளின் பெயரைப் பெற்றனர். வெலிங்டன் கோமகன் தென்னாட்டு வரலாற்றுக்கும் அறிமுகமானவரே. 1799-இல் சீரங்கப்பட்டண முற்றுகையில் ஒரு படைப்பிரிவுக்குத் தலைமை பூண்ட ஆர்தர் வெல்லசுலியே பின்னாளில் அப்பட்டம் பெற்றவர்.

இந்நிகழ்ச்சிக்கு இரு சான்றுகள் உள. ஒன்று, 1829-ஆம் ஆண்டு மார்ச்சு 12-ஆம் நாள், பன்னிரண்டு அகவையினளாகிய சார்லட் எழுதிய ஆண்டு வரலாறு. மற்றொன்று, 1830-ஆம் ஆண்டு திசம்பரில், பதின்மூன்று அகவையினனாகிய பிரான்வெல் எழுதத் தொடங்கிய ‘இளைஞர் வரலாறு’. சார்லட்டின் குறிப்பில், அவள் படுக்கையினின்று குதித்தெழுந்து, ஒரு வீரனைப் பற்றிக்கொண்டு, இவன் எனக்குரியன் என்று அறிவிக்கின்றாள். பிரான்வெல்லின் குறிப்பிலோ, உடன்பிறந்தார் பெயரிட்டதற்கு அவன் இசைவு தருகின்றான். வீரர் யாவரும் தன் உடைமையே, பேணும் பொறுப்பு மட்டுமே பிறர்க்கு வழங்கப்பட்டது என்கின்றான். ஒரே காலைப் பொழுதின் ஒரே நிகழ்ச்சி ஒரு சான்றில் கைப்பற்றலாகவும், மற்றொன்றில் கொடையாகவும் நிற்கின்றது. கல்வெட்டும் செப்பேடும் ஆராய்வோர் நன்கறிந்த சிக்கலே இது. உடைமை யாருடையது என்னும் வழக்கில் எழுத்தே சான்றாகும் என்பதை இச்சிறார் தாமே உணர்ந்திருந்தனர் எனல் மிகையன்று.

பன்னிருவரும் கப்பலேறி மேலை ஆப்பிரிக்கக் கடற்கரையை அடைந்து, அங்குள்ள அசாந்தி மக்களோடு பொருது, ஒரு பெருநகரை அமைத்தனர் என்பது கதை. அதுவே கண்ணாடி நகரம். அந்நகரைக் காக்கும் நான்கு பெரும் பூதங்கள் இச்சிறார் நால்வரே. தத்தம் பெயரைச் சற்றுத் திரித்து அவற்றுக்குச் சூட்டினர். இப்பூதங்களுக்குரிய ஆற்றல்களுள் தலையாயது, போரில் மடிந்த வீரரை மீண்டும் உயிர்ப்பித்தல். விளையாட்டில் இது வசதிக்கான விதி என்று கூறுதல் எளிது; பன்னிரு பொம்மைகளே உளவாயின், மடிந்தவன் எழுந்தாலன்றி மறுநாட் போர் நடவாது. எனினும் உடன்பிறந்தார் இருவரை இழந்து ஓராண்டே ஆகிய இல்லத்தில், இறந்தோரை எழுப்பும் அதிகாரத்தைச் சிறார் தமக்கென எடுத்துக்கொண்டமை கருதற்பாலது. அராபியக் கதை அவர்க்குப் பூதத்தைத் தந்தது. அப்பூதத்திற்குரிய பணியைத் தந்தது அவர்தம் வாழ்க்கை.

4. தீவுகளும் கற்பனைப் பள்ளியும்

1827-ஆம் ஆண்டு திசம்பரில் ‘தீவினர்’ என்னும் மற்றொரு விளையாட்டு தோன்றியது. அதன் தோற்றத்தைச் சார்லட்டே விரித்துரைக்கின்றாள். குளிர் மிகுந்த இரவில் நால்வரும் சமையலறைக் கணப்பருகே அமர்ந்திருந்தனர். மெழுகுதிரி ஏற்ற வேண்டும் என்னும் வழக்கில் பணிப்பெண் டாபியிடம் தோற்றிருந்தனர். செய்வதறியாது சலித்த தம்பிக்கு மாற்றாக, ஆளுக்கொரு தீவு உண்டெனக் கொள்வோம் என்றாள் சார்லட். பிரான்வெல் மான் தீவையும், சார்லட் வைட் தீவையும், எமிலி அரான் தீவையும், ஆன் கெர்ன்சித் தீவையும் கொண்டனர். பின்னர்த் தத்தம் தீவுக்குத் தலைவரையும் மருத்துவரையும் எழுத்தாளரையும் நாட்டிற் புகழ்பெற்றோருள் தேர்ந்தனர். மணி ஏழு அடித்தது. உறங்கச் செல்லுமாறு ஆணை பிறந்தது.

மெழுகுதிரி ஒன்றை ஏற்றவும் உரிமையில்லாதோர் தீவுகளைப் பங்கிட்டனர். உறங்கும் நேரத்தைத் தாம் முடிவு செய்ய இயலாதோர் நாட்டின் கோமகனுக்குப் பதவி வழங்கினர். இத்தீவுக் கதையிலேயே ஆயிரம் மாணவர் பயிலும் கற்பனைப் பள்ளி ஒன்றும் எழுகின்றது. அதில் அடங்காத மாணவர்க்குச் சிறையும் உண்டு. ஒறுக்கும் உரிமை இந்நால்வர்க்கே உண்டு. தமக்கையரை நோய்க்கு இழந்த பள்ளியின் நினைவு மாறாதிருந்த இல்லத்தில், பள்ளியை ஆளும் உரிமை விளையாட்டின் பேராசையாக வந்தமை வியப்பன்று. ஆயின் அங்கு அவர்கள் இரக்கம் மிகுந்த பள்ளியை அமைத்திலர். சிறையோடு கூடிய பள்ளியையே அமைத்தனர். சிறார் கற்பனை எப்போதும் மென்மையானது என்று கருதுவார் இதனை எண்ணிப் பார்த்தல் தகும்.

இதுபோன்றே, அவர்தம் ஆப்பிரிக்க வெற்றிக் கதையிலும் அக்காலப் பேரரசின் ஆசை வெளிப்படையாக உள்ளது. பிரிட்டானியர்க்கும் அசாந்தி அரசுக்கும் இடையே போர் நிகழ்ந்த காலம் அது. பிளாக்வுட் இதழில் 1826 சூனில் வந்த ஆப்பிரிக்க நிலப்படமே இவர்தம் கற்பனை நாட்டுப் படத்திற்கு மூலம் என ஆய்வாளர் காட்டுவர். பிறர் நிலத்தை வெற்றிடமாகக் கருதி நகர் அமைக்கும் உரிமையைச் சிறார் ஐயுறவில்லை. அவர் படித்த இதழ்களும் ஐயுறவில்லை. சிறார் எழுத்து மாசற்ற கற்பனையின் ஊற்று என்று போற்றுதல் வேண்டா. அது தன் காலத்தின் எண்ணங்களை மறைக்கக் கல்லாத சான்று. வரலாற்றாசிரியர்க்கு அதன் பயன் அதுவே.

5. கையடக்க நூல்கள்

பிரான்வெல் பதினோரகவையில், 1829 சனவரியில், பிளாக்வுட் இதழைப் பின்பற்றிக் கையெழுத்து இதழொன்று நடத்தினான். அவ்வாண்டு ஆகத்து முதல் சார்லட் அதன் ஆசிரியப் பொறுப்பை ஏற்றாள். அவ்விதழ் ஏறத்தாழ ஐந்து செண்டிமீட்டர் நீளமும் மூன்றரைச் செண்டிமீட்டர் அகலமும் உடையது. தாள் நறுக்குகளை மடித்து, நூலால் தைத்து, அச்செழுத்துப் போன்ற நுண்ணிய எழுத்தால் பக்கங்களை நிரப்பினர். தலைப்புப் பக்கம், பொருளடக்கம், கவிதை, கதை, விளம்பரம் எனப் பெரியோர் இதழின் உறுப்புகள் யாவும் அவற்றில் உண்டு. மரவீரர் கையிற் பிடித்துப் படித்தற்கேற்ற அளவு அது. மூத்தோர் கண்ணுக்கு எளிதிற் புலனாகாமையும் அதன் பயன்களுள் ஒன்று ஆயிற்று. 1833-இல் தந்தையார் சார்லட்டுக்கு ஒரு குறிப்பேடு அளித்தபோது, அதில் எழுதுவனவெல்லாம் தெளிந்த நல்ல கையெழுத்தில் அமைதல் வேண்டும் என்று முதற்பக்கத்திலேயே குறித்தமை இதனொடு வைத்து எண்ணத்தக்கது.

இந்நூல்களில் சிறார் தம் பெயரால் மட்டும் எழுதவில்லை. கோமகனின் இளைய மகன் சார்லசு வெல்லசுலி, படைத்தலைவர் திரீ, படைத்தலைவர் பட், இளைய சூல்ட் எனக் கற்பனை ஆசிரியர் பலரைப் படைத்து, ஒருவர் நூலை மற்றொருவர் இகழ்ந்துரைக்கவும் செய்தனர். பிரான்வெல்லின் ‘இளைஞர் வரலாறு’ படைத்தலைவர் பட் என்னும் வரலாற்றாசிரியர் எழுதியதாகவே அமைந்தது. அதற்கு நிலப்படமும் உண்டு. 1830 ஆகத்து 3-ஆம் நாள், பதினான்கு அகவை நிரம்பிய சார்லட், அதுகாறும் தான் எழுதி முடித்த நூல்களுக்கு ஓர் அட்டவணை வகுத்தாள். அதன்படி அவை இருபத்திரண்டு தொகுதிகள். இங்கு ஆசை மேலும் ஒரு படி உயர்கின்றது. ஆள்வோனாதல் முதல் ஆசை. ஆள்வோனைப் பற்றி எழுதுவோனாதல் அடுத்தது. எழுதியதைத் தொகுத்து எண்ணிட்டுக் காப்போனாதல் அதற்கும் அடுத்தது.

6. விளையாட்டின் பின்வரலாறு

1831-இல் சார்லட் பள்ளிக்குச் சென்றபின், எமிலியும் ஆனும் பிரிந்து காண்டல் என்னும் தனி நாட்டைப் படைத்தனர். 1834 முதல் சார்லட்டும் பிரான்வெல்லும் ஆங்கிரியா என்னும் புதிய அரசை வளர்த்தனர். 1836-ஆம் ஆண்டு இறுதியில் சார்லட் அரசவைக் கவிஞர் சவுதிக்குத் தன் பாடல்களை அனுப்பினாள். இலக்கியம் பெண்ணின் வாழ்க்கைத் தொழில் ஆகாது என்னும் அறிவுரை 1837 மார்ச்சில் விடையாக வந்தது. அவ்வாண்டு சனவரியில் வோர்ட்சுவொர்த்துக்குப் பிரான்வெல் எழுதிய மடலுக்கு விடையே வரவில்லை. கண்ணாடி நகரத்தில் தாமே கவிஞரும் தாமே திறனாய்வாளருமாக இருந்தோர்க்கு, அந்நகரின் மதிலுக்கு அப்பால் அதிகாரம் பிறரிடம் இருந்தது என்பதை உணர்த்திய ஆண்டு அது.

இதன்பின் நால்வரும் சென்ற வழிகள் வேறு. சார்லட் 1839-ஐ ஒட்டிய காலத்தில், ஆங்கிரியாவை விட்டு நீங்கும் தன் முடிவை ஒரு சிறு கட்டுரையாக எழுதினாள். வெப்பம் மிக்க அந்நாட்டினின்று தணிந்த ஒளியுடைய நிலத்திற்குச் செல்லவேண்டும் என்பது அதன் கருத்து. எமிலி காண்டலை விட்டிலள். 1845-இல் ஆனுடன் யார்க்கு நகருக்குச் சென்ற பயணத்தில் இருவரும் காண்டல் மாந்தராகவே நடித்துச் சென்றதை அவள் மகிழ்ந்து குறித்துள்ளாள். அதனைக் குறித்தபோது அவளுக்கு அகவை இருபத்தேழு. ஆயினும் முன்னாண்டிலேயே தன் பாடல்களை இரு ஏடுகளாகப் பிரித்து, காண்டல் பாடல்களைத் தனியே எழுதி வைத்திருந்தாள். 1846-இல் மூவர் பாடல்களும் புனைபெயரில் வெளிவந்தபோது காண்டல் குறிப்புகளை நீக்கியே கொடுத்தாள். கற்பனை நாட்டில் வாழவும், அதன் எல்லையை அறியவும் அவளால் ஒருங்கே இயன்றது. அந்நூலின் படிகள் தொடக்கத்தில் இரண்டே விலைபோயின. எனினும் 1847-இல் ‘ஜேன் அயர்’, ‘உதரிங் ஹைட்சு’, ‘ஆக்னசு கிரே’ ஆகிய மூன்று நாவல்களும் வெளிவந்தன.

மரவீரரின் உடைமையாளனாகிய பிரான்வெல்லின் வரலாறு இரங்கத்தக்கது. குடும்பத்தின் நம்பிக்கை முழுதும் ஆண்மகன் மேல் நின்றது. ஓவியம், ஆசிரியப் பணி, இருப்புப்பாதை எழுத்தர் பணி ஆகிய ஒன்றிலும் அவன் நிலைத்திலன். 1841 முதல் செய்தித்தாள்களில் வெளிவந்த தன் பாடல்களுக்கு அவன் இட்ட பெயர் நார்த்தாங்கர்லேண்டு என்பது; அது ஆங்கிரியாவில் அவன் படைத்த கலகத்தலைவனின் பெயர். தமக்கையும் தங்கையரும் உலகிற்கெனப் புதுப்பெயர் புனைந்தனர். அவனோ விளையாட்டின் பெயரையே உலகிற்கும் கொண்டுவந்தான். 1848 செப்டம்பரில் அவனும், திசம்பரில் எமிலியும், 1849 மே திங்களில் ஆனும், 1855-இல் சார்லட்டும் மறைந்தனர்.

கற்பனையின் பெருமையில் நால்வருள் ஒருவரும் குறைந்தாரல்லர். தொடக்கத்தில் முன்னின்றவன் பிரான்வெல்லே. ஆகவே, இளமைக் கற்பனை தானே புலமையாகக் கனியும் எனக் கூறுதற்கு இச்சான்று இடந்தரவில்லை. எடுத்துக்கொண்ட அதிகாரம் விளையாட்டிற்குரியது என்பதை உணர்ந்து, அதனைத் திருத்தவும் துறக்கவும் வல்லார்க்கே அது கருவியாயிற்று என்பதே நாம் கொள்ளும் கருத்து.

7. சான்றுகளின் வரலாறும் நம் கடமையும்

1857-இல் சார்லட்டின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய காசுகெல் அம்மையார் இக்கையேடுகளைக் கண்டு, ஒரு பக்கத்தின் படியையும் நூலட்டவணையையும் தம் நூலிற் சேர்த்தார். பின்னர் 1895-இல் இவை விலைக்கு வாங்கப்பட்டு, பிரித்து விற்கப்பட்டு, கடல் கடந்தும் சிதறின. சிதறியவற்றை ஒப்பிட்டு, விளையாட்டின் தொடர்ச்சியை 1941-இல் தெளிவாக நிறுவியவர் அமெரிக்க ஆய்வாளர் பேனி ராச்போர்டு அம்மையார். 2019-இல் பாரிசு நகரத்து ஏலத்தில், சார்லட் பதினான்கு அகவையில் எழுதிய ஓர் இதழை ஆறு நூறாயிரம் யூரோ விலைக்குப் பிரான்டி கழகத்தார் மீட்டு, ஹாவர்த் இல்லத்து அருங்காட்சியகத்தில் வைத்தனர். தாள் நறுக்குகளிற் சிறுமி ஒருத்தி எழுதியது இந்நிலை எய்தியது. ஆயினும் எமிலியும் ஆனும் எழுதிய காண்டல் உரைநடைக் கதைகள் ஒன்றும் எஞ்சவில்லை.

நம் நாட்டுத் திண்ணைப் பள்ளியில் சிறுவன் மணலில் எழுதினான். எழுதியதை அவன் கையே அழித்தது. பின்னர்த் தாளும் எழுதுகோலும் எளிதிற் கிடைத்த காலத்தில், ஊர்தோறும் பள்ளி மாணவர் கையெழுத்து இதழ்கள் நடத்தினர். தாமே ஆசிரியராகி, படம் வரைந்து, தாம் படித்த தொடர்கதைகளின் சாயலில் தாமும் தொடர்கதை எழுதினர். அவற்றை இலக்கியத் தகுதி நோக்கி எடைபோட்டு ஒதுக்குதல் முறையன்று. விரும்பிய கதையினின்று ஒரு தலைமுறைச் சிறார் எத்தகைய அதிகாரத்தை எடுத்துக்கொள்ள முயன்றனர் என்பதற்கு அவை சான்றாகும். ஓலைச்சுவடிக்கு வீடுவீடாகச் சென்று தேடிய உழைப்பில் ஒரு பங்கேனும் பரண்மேற் கிடக்கும் இவ்வேடுகளுக்கும் செலவிடப்படுமாயின், தமிழ்ச் சிறாரின் வரலாற்றை அவர்தம் கையெழுத்தைக் கொண்டே எழுதுதல் கூடும். அப்பணியை முதுகலை மாணவர் தத்தம் ஊரிலிருந்தே தொடங்கலாம்.